ஒரு காணி, இரு பெறுமதிகள்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து விலைமதிப்பு மீளாய்வு பற்றிய சில சிந்தனைகள்

காணிக்குப் பெறுமதி குறித்தல் எண்களின் துறையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் எண் அதன் இறுதி வரியில் மட்டுமே வருகிறது. அதற்கு முந்திய பக்கங்களில் நிகழ்வது சாட்சியங்களைத் தேடுவதும் எடைபோடுவதும் சிலவற்றை ஏற்றுச் சிலவற்றைத் தள்ளுவதுமாகும். ஆகவே ஒருவர் செய்த விலைமதிப்பை இன்னொருவர் மீளாய்வு செய்யும்போது அவர் உண்மையில் எதனை ஆராய்கிறார் என்ற வினா எழுகிறது. முன்னவரது எண்ணையா, அவ்வெண்ணுக்கு அவர் வந்த வழியையா? இலங்கையின் சட்ட மரபு முதலாவதையே பெரிதும் கேட்டு வந்திருக்கிறது. இரண்டாவதைக் கேளாமையினால் விளைந்த இடர்கள், மருதமுனையிலிருந்து ஒலுவில் வரையான கரையோர முஸ்லிம் ஊர்களில் தெளிவாகத் தெரிகின்றன என்பது எமது கருத்து. நாம் விலைமதிப்பாளர் அல்லர். எனினும் ஒருவரது ஆய்வை இன்னொருவர் எவ்வாறு நேர்மையுடன் சோதிப்பது என்பது எல்லா அறிவுத்துறைகளுக்கும் பொதுவான பிரச்சினையாதலின், இதுபற்றி எழுதும் உரிமை எமக்கும் உண்டு.

முதலிற் சட்டத்தை நோக்குவோம். 1876 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கக் காணி எடுத்தற் கட்டளைச் சட்டத்தின் இடத்திற்கு, சுதந்திரத்தின் பின் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் வந்தது. அதன் 45 ஆம் பிரிவு சந்தைப் பெறுமதிக்கு வரைவிலக்கணம் தருகிறது. 7 ஆம் பிரிவின் கீழான அறிவித்தல் வர்த்தமானியில் வெளியான திகதியில், விற்க மனமுள்ள ஒருவர் திறந்த சந்தையில் அக்காணியைத் தனியொரு பொருளாக விற்றிருந்தால் பெற்றிருக்கக்கூடிய தொகையே அது. 17 ஆம் பிரிவின் கீழ் இழப்பீட்டுத் தீர்மானம் வழங்கப்படும். அதில் திருப்தியுறாதவர் 22 ஆம் பிரிவின்படி 21 நாட்களுள் மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம். சட்டப் பிரச்சினை எழுமாயின் 28 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் செல்லலாம். பேப்பரில் இது நல்ல ஏற்பாடே. ஆனால் சபைக்கு முன் வைக்கக்கூடிய முறைப்பாடு ஒன்றே: வழங்கப்பட்ட தொகை போதாது என்பது. முதல் மதிப்பாளர் எதனை அளந்தார், எதனை அளக்க மறந்தார் என்பது அத்தொகை வழியாகவே விசாரணைக்குள் நுழைய வேண்டும். வாதம் எண்ணுக்கு எதிர் எண்ணாகச் சுருங்குவதற்கான வித்து சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது.

வழியைச் சோதிக்கும் மீளாய்வுக்கு உதாரணமாக, கடலுக்கு அப்பாலுள்ள ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் அமைக்கப்பட்டபோது, மலேரியாத் தடுப்பு வேலைகளுக்காக லோவாத் தோட்டம் என்ற நிலம் 1928 இல் சுவீகரிக்கப்பட்டது. உரிமையாளர் செமுடு ஜமீனின் ராஜா வைரிச்செர்ல நாராயண கஜபதிராஜு. அந்நிலத்தில் நல்ல குடிநீர் தரும் ஓர் ஊற்று இருந்தது. துறைமுகப் பகுதிக்கோ குடிநீர் தேவைப்பட்டது. காணி எடுத்த அலுவலர் மண்ணுக்கு விலை குறித்தார்; ஊற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கீழ் நீதிமன்ற நீதிபதி ஊற்றுக்கும் பெறுமதி உண்டெனக் கண்டார். சென்னை மேல் நீதிமன்றமோ, அத்தண்ணீரை வாங்கக்கூடியவர் துறைமுக அதிகாரத்தரப்பைத் தவிர வேறெவருமில்லையே, அவ்வாறிருக்கப் போட்டியும் சந்தையும் எங்கே என்று கேட்டு அதனை மறுத்தது. 1939 இல் கோமறைக் கழகத்தின் சார்பில் ரோமர் பிரபு வழங்கிய தீர்ப்பு மேல் நீதிமன்றத்தின் நிலைப்பாட்டைத் தள்ளியது. வாங்கக்கூடியவர் ஒருவரேயாயினும், அவரே நிலத்தை எடுப்பவராயினும், நிலத்தின் உள்ளார்ந்த பயன்வாய்ப்புக்குப் பெறுமதி உண்டு. விற்க மனமுள்ளவரும் வாங்க மனமுள்ளவரும் நட்புடன் பேசி எவ்விலைக்கு இணங்குவர் என்பதே அங்கு கேட்கப்பட வேண்டியது.

இவ்வழக்கில் எம்மை ஈர்ப்பது தொகை அன்று. ஒரே நிலத்தை நால்வர் நோக்கினர். அவர்களிடையேயான வேறுபாடு கூட்டல் கழித்தலில் எழவில்லை. எது சாட்சியம், எது சாட்சியமன்று என்பதிலேயே எழுந்தது. ஒரு மீளாய்வு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால்தான் முதல் மதிப்பாளரும் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடியும். ‘உமது தொகை குறைவு’ என்பதிலிருந்து அவர் கற்பதற்கு ஒன்றுமில்லை. ‘ஊற்றைப் பார்த்தீரா?’ என்ற வினாவுக்கு அவர் விடை கூற வேண்டியிருக்கும். சிலவேளை அவரிடம் நல்ல விடையும் இருக்கும்.

அமெரிக்காவில் 1987 இல் உருவான விலைமதிப்புத் தொழிலுக்கான ஒருசீர்த் தராதரங்கள் மீளாய்வுக்கென ஒரு தனித் தராதரத்தையே ஒதுக்கின. பிறரது அறிக்கையின் தரத்தைப் பற்றிக் கருத்துரைப்பது ஒரு பணி. அக்காணிக்குத் தன் சொந்தப் பெறுமதியைக் கூறுவது மற்றொரு பணி. மீளாய்வாளர் இரண்டையும் செய்யலாம். ஆனால் ஒன்றை மற்றொன்றின் போர்வைக்குள் மறைத்தலாகாது. எமது நாட்டில் இப்பிரிவு தெளிவாக உணரப்பட்டதெனக் கூறுவதற்கில்லை. இழப்பீட்டு விவகாரங்களில் அரச மதிப்பாளரின் அறிக்கைக்கு எதிராக, உரிமையாளர் தம் செலவில் அமர்த்தும் தனியார் மதிப்பாளர் இன்னோர் அறிக்கையைச் சமர்ப்பிப்பதையே மீளாய்வு என்கிறோம். அது மீளாய்வன்று, போட்டி மதிப்பு. அப்போட்டிக்கும் பணம் வேண்டும். நூறு ஏக்கர் வயலுடைய போடியாரால் மதிப்பாளரை அமர்த்த முடியும். எட்டுப் பேர்ச்சஸ் வளவுடைய நெசவாளியின் மனைவியால் 21 நாட்களுள் அது முடியுமா?

இனிக் கல்முனைக் கரையோரத்துக்கு வருவோம். மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் ஊர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயல்வட்டைகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில் நெருங்கி அமைந்தவை. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உள்நாட்டு நிலத்தின் பயன்பாட்டையும் குடிப்பரம்பலையும் மாற்றத் தொடங்கியிருந்தது. கரையோர ஊர்கள் பெருகிய மக்களுக்கு மேற்கே இடந்தேட முடியாமல் உள்ளுக்குள்ளேயே வளவுகளைப் பிரித்துக்கொண்டன. இந்நெருக்கம் விலையை உயர்த்துவது இயல்பு. ஆயின் அவ்விலையைக் காட்டும் விற்பனைகள் அரிதாக இருப்பதுதான் இங்குள்ள விசித்திரம்.

இதற்குக் காரணம் சீதனம். கிழக்கிலங்கையின் தாய்வழிக் குடிமரபு பற்றி விரிவாக ஆராய்ந்த தெனிஸ் மக்கில்வ்ரே காட்டியதுபோல, இக்கரையோரத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடும் வளவும் திருமணத்தின்போது பெண்ணுக்குச் சேர்கின்றன. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் தாமிருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு அருகே இன்னொன்றை எழுப்பிக்கொள்கின்றனர். 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. நடைமுறையிலோ பெற்றோர் உயிரோடிருக்கும்போதே எழுதும் நன்கொடை உறுதிகள் வீட்டையும் வளவையும் மகளிர் கையில் சேர்த்துவிடுகின்றன. (மட்டக்களப்பு முக்குவச் சட்டம் பற்றிய பிறிற்றோவின் நூல் வெளிவந்ததும் காணி எடுத்தற் கட்டளைச் சட்டம் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1876 இல் என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று மரபைப் பதிவுசெய்தது. மற்றது அம்மரபைப் பற்றி எதுவும் கேளாமலே நிலத்தை எடுக்க வழிசெய்தது.)

விலைமதிப்பாளருக்கு இதனால் வரும் சிக்கலைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவர் காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் புரட்டுகிறார். ஒரு தெருவில் பத்து உறுதிகள் இருந்தால் அவற்றுட் பல நன்கொடை உறுதிகள். அவற்றில் எழுதப்பட்ட பெறுமதி எவரும் எவருக்கும் கொடுத்த விலையன்று. எஞ்சிய விற்பனை உறுதிகளிலும் முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காகத் தொகை தாழ்த்தி எழுதப்பட்டிருக்கக்கூடும். இரண்டு மூன்று மெய்யான விற்பனைகள் அகப்பட்டாலும், அவை கடனுக்காகவோ வெளிநாடு செல்வதற்காகவோ அவசரத்தில் விற்கப்பட்டவையாக இருக்கலாம். ‘விற்க மனமுள்ள விற்பனையாளர்’ என்ற சட்டக் கற்பனைக்கு இவ்வூரில் உருவம் கொடுப்பது எளிதன்று. சீதன வளவை விற்க மனமுள்ள தாயை எங்கே தேடுவது?

இத்தகைய இடத்தில் உறுதித் தொகைகளின் சராசரியை எடுத்துத் தாழ்ந்த பெறுமதி குறித்த மதிப்பாளரைக் கொடியவர் எனல் எளிது. அவ்வாறு எழுதப்பட்டவையும் உள. அது நியாயமன்று. அவர் தமது துறை கற்பித்த ஒப்பீட்டு முறையையே பின்பற்றினார். பிழை எங்கே என்றால், அம்முறைக்கு வேண்டிய சாட்சியம் இவ்வூரில் இல்லை என்பதைத் தம் அறிக்கையில் அவர் கூறாமல் விட்டதிலேயாகும். நேர்மையான மீளாய்வாளர் இவ்விரண்டையும் பிரித்துக் காண்பார். முறை சரி, தரவு போதாது என்பார். நன்கொடை உறுதிகளை விலக்கினால் எஞ்சுவன எத்தனை எனக் கேட்பார். அவை போதாவிடின் வாடகையிலிருந்தோ கட்டடச் செலவிலிருந்தோ பெறுமதியை அணுகும் வழிகளைச் சுட்டுவார். அதேபோல், ஊர் முழுவதும் ‘பேர்ச் இவ்வளவு போகுது’ என்று சொல்லும் விலையை அப்படியே எடுத்துக்கொண்ட தனியார் மதிப்பாளரையும் அதே அளவுகோலால் அளப்பார். சொல்லப்படும் விலை கேட்கப்பட்ட விலையே. கொடுக்கப்பட்ட விலை வேறாக இருக்கலாம். முற்போக்காளராகிய நாம் அரச மதிப்பாளரின் தாழ்ந்த எண்ணை மட்டும் ஐயுற்று, மக்கள் பக்கத்து உயர்ந்த எண்ணை ஐயுறாது விடுவோமாயின், நாம் செய்வதும் மீளாய்வன்று.

காலம் பற்றிய நெறி இதனினும் கடினமானது. 2004 நவம்பரில் மருதமுனைக் கடற்கரையோரத்து வளவொன்றுக்கு ஒருவர் பெறுமதி குறித்தார் எனக் கொள்வோம். டிசெம்பர் 26 இல் கடற்கோள் வந்தது. அதனையடுத்து வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர், தெற்கு மேற்கில் 100 மீற்றர் எனக் கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. 2006 இல் அந்த நவம்பர் அறிக்கையை ஒருவர் மீளாய்வு செய்தால், அவர் அலையை மறந்தாக வேண்டும். அலைக்குப் பின் அந்த வளவு விலைபோகவில்லை என்பது முன்னவரது பிழையாகாது. கடலருகு ஆபத்தென்பது நவம்பரில் அறியக்கூடியதாக இருந்ததா, இருந்ததெனில் எவ்வளவுக்கு என்பதை மட்டுமே அவர் கேட்கலாம். தமக்குத் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டு சிந்தித்தல் எளிய பயிற்சியன்று. வரலாற்றாசிரியர் இதனை நன்கறிவர், சறுக்குவதும் அவர்களே.

கடற்கோளின் பின் இக்கரையோரத்தில் விலைமதிப்பாளர் அல்லாதோரும் மதிப்பீட்டாளர் ஆயினர். வீட்டுச் சேதத்தின் அளவு நிவாரணத்தைத் தீர்மானித்தது. சேதம் மீளக் கட்டும் செலவின் 40 சதவீதத்துக்கு மேற்பட்டால் முற்றாக அழிந்த வீடு. உதவி 250,000 ரூபா. அதற்குக் குறைந்தால் பகுதிச் சேதம். உதவி 100,000 ரூபா. ஒரு தொழினுட்ப அலுவலர் 38 என்று எழுதுவதற்கும் 42 என்று எழுதுவதற்கும் இடையே 150,000 ரூபா கிடந்தது. தொழில் நோக்கில் 38க்கும் 42க்கும் வேறுபாடே இல்லை எனலாம். ஒரே சுவரைப் பார்க்கும் இரு நேர்மையாளர் அவ்வளவு வேறுபடுவது இயல்பு. கொள்கை வகுத்த கோடே அவ்வேறுபாட்டைப் பெருந்தொகையாக மாற்றியது. மறுமதிப்பீட்டுக்கு வந்தவர் முன்னவரை ஊழல்வாதி என்றோ அறிவிலி என்றோ குறிக்கவேண்டிய தேவை அங்கில்லை. ‘இவ்வீடு கோட்டின் மீது நிற்கிறது, இரு பக்கமும் நியாயமுண்டு’ என்று எழுதும் இடம் படிவத்தில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்று மாதம் கழித்து மறுமதிப்பீட்டுக்கு வருபவர் காண்பது வேறு வீடு. இடிபாடுகள் அகற்றப்பட்டிருக்கும். ஆபத்தான சுவரை வீட்டாரே இடித்திருப்பர், அல்லது தகரத்தால் ஓர் அறையைச் சரிசெய்திருப்பர். முதல்வரின் புகைப்படமும் குறிப்பும் இல்லையெனில் இரண்டாமவர் அவரை மீளாய்வு செய்யவில்லை. புதிதாக ஒன்றை மதிப்பிடுகிறார். புதிய வீடுகளின் உரித்து எழுதப்பட்டபோது ‘குடும்பத் தலைவர்’ என்ற நிரலில் ஆணின் பெயர் புகுந்து, பெண்ணின் சீதன வீடு கணவனின் நிவாரண வீடாக மாறிய கதையும் இதனோடு இணைந்தது. வீட்டின் பெறுமதியைக் கணித்தவர்களுள் அது எவருடைய வீடு என்று கேட்டோர் சிலரே.

ஒலுவில் துறைமுகம் இப்பிரச்சினைகள் யாவும் ஒன்றாகக் கூடிய இடம். கல்முனையைத் தம் அரசியற் களமாகக் கொண்ட எம். எச். எம். அஷ்ரப் 1994 இல் துறைமுகங்கள் அமைச்சரானதன் பின் துறைமுகக் கனவும் பல்கலைக்கழகக் கனவும் ஏறத்தாழ ஒருங்கே வளர்ந்தன. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1996 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. துறைமுக நிர்மாணம் டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. எடுக்கப்பட்ட காணிகளுக்கான இழப்பீடு பற்றிய முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

இங்கே மீளாய்வாளர் எதிர்கொள்ளும் சிக்கல் நுட்பமானது. விசாகப்பட்டினத் தீர்ப்பின்படி நிலத்தின் பயன்வாய்ப்பைக் கணக்கில் எடுக்கவேண்டும். ஆனால் திரினிடாட்டின் பொயின்ட் கூர்ட் கற்குழி வழக்கில் அதே கோமறைக் கழகம் 1947 இல் இன்னொரு நெறியைக் கூறியது. எத்திட்டத்திற்காக நிலம் எடுக்கப்படுகிறதோ, அத்திட்டமே உண்டாக்கிய விலையேற்றத்தை இழப்பீட்டில் சேர்க்கலாகாது. அவ்வாறாயின் ஒலுவில் காணியின் ஏறிய விலையில் எவ்வளவு துறைமுகத்தால் வந்தது, எவ்வளவு பல்கலைக்கழகத்தால் வந்தது? விரிவுரையாளரும் மாணவரும் வாடகைக்கு வீடு தேடியதனால் எழுந்த விலை உரிமையாளருக்குச் சேரவேண்டியது. துறைமுகம் வருமென்ற வதந்தியால் எழுந்த விலை சேராது. இரண்டும் ஒரே அரசியலின் பிள்ளைகளாக, ஒரே பத்தாண்டில், ஒரே மணலில் வளர்ந்தவை. முழு ஏற்றத்தையும் துறைமுக ஊகவாணிபம் என்று வெட்டிவிடும் மதிப்பாளரும், முழுவதையும் சேர்த்துக்கொள்ளும் மதிப்பாளரும் ஒரே தவறைச் செய்கின்றனர்: பிரிக்கவேண்டியதைப் பிரிக்க முயலவில்லை. பிரிப்பு எவ்வளவு தோராயமாக இருப்பினும், அது அறிக்கையில் எழுதப்பட்டிருந்தால் அடுத்தவர் அதனைத் திருத்தலாம். எழுதப்படாததைத் திருத்த இயலாது, மறுக்கத்தான் இயலும்.

நாட்டில் இதற்கு மாற்றுவழி தேடப்படாமல் இல்லை. 2001 இல் அமைச்சரவை ஏற்ற தேசிய விருப்பமின்றிய மீள்குடியேற்றக் கொள்கையின் பின்னணியில், தெற்கு அதிவேகப் பாதைக்காகக் காணி எடுத்தல் மற்றும் மீள்குடியேற்றக் குழுக்கள் அமைக்கப்பட்டன. காணி இழப்பவர் அக்குழுவின் முன் நேரில் அமர்ந்து பேசினார். அங்கும் இணக்கம் வராவிடின் கொழும்பில் மேற்குழு ஒன்று இருந்தது. அதே பாதையின் தடமாற்றம் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2004 இல், பாதிக்கப்பட்டோர் செவிமடுக்கப்படாமையை இயற்கை நீதிக்கு முரணானதெனக் கண்டது. இவ்வேற்பாட்டின் சிறப்பு, கூடுதல் தொகை கிடைத்தமை மட்டுமன்று. மதிப்பாளர் தாம் எழுதியதற்குக் காணிக்காரரின் முகத்துக்கு நேரே காரணம் சொல்லவேண்டியவரானார். அவர் காணாத கிணற்றைக் காணிக்காரர் காட்ட முடிந்தது. காணிக்காரர் மிகைப்படுத்தியதை மதிப்பாளர் மறுக்கவும் முடிந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் பின், காரணங்களைக் கேட்டுப் பெறுவதற்கு இன்னொரு கதவும் திறந்தது. 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகம் போன்ற தொழில் அமைப்பு, உறுப்பினர் ஒருவரது அறிக்கையை இன்னொருவர் சோதிக்கும் முறைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எளிய படிவமொன்றை வகுக்குமாயின் அது பெரிதும் பயன்படும். சாட்சியங்கள் எவை, விலக்கியவை எவை, ஏன் விலக்கினார், எத்திகதி, நேரிற் சென்றாரா, மீளாய்வாளர் உடன்படாத இடம் எது, அவ்விடம் தொகையை எவ்வளவு மாற்றும் என்பவை அதில் இடம்பெறலாம். முன்னவருக்கு விடையளிக்கும் பகுதியும் அதில் இருக்கவேண்டும். மீளாய்வுக்கு உள்ளானவரின் பதில் இல்லாத மீளாய்வு அரைவாசி வேலையே.

ஒலுவில் பற்றி ஒன்று எஞ்சுகிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கரையோர மணலோட்டத்தை மறித்தன. நுழைவாயிலில் மணல் நிரம்பி மீன்பிடிப் படகுகள் உட்புக முடியாமற் போயிற்று. வடக்கே கரை அரிக்கப்பட்டு, நிந்தவூர்த் திசையாகத் தென்னை நின்ற காணிகள் கடலுட் சரிந்தன. காணி எடுத்தற் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, எடுக்கப்பட்ட காணியின் உரிமையாளருக்கு அவரது எஞ்சிய காணிக்கு நேரும் தீங்கையும் கணக்கில் எடுக்கிறது. எடுக்கப்படாத காணியின் உரிமையாளர் அச்சட்டத்தின் முன் எவருமல்லர். அவரது தென்னந்தோட்டத்துக்கு 7 ஆம் பிரிவு அறிவித்தல் வெளிவரவில்லை. ஆதலால் பெறுமதி குறிக்கவேண்டிய திகதி இல்லை. இழப்பீட்டுத் தீர்மானமும் இல்லை. 21 நாட்கள் எப்போது தொடங்கின, எப்போது முடிந்தன என்று கேட்பதற்கும் அவரிடம் ஒரு கடதாசி இல்லை.